ரசீதில் அச்சாகும் பெயர்

"எந்த லாங்குவேஜ்ல எழுதினா கிராக் பண்ண முடியாது அண்ணே?" நாகர்கோவில் பக்கம் கணினி படிக்கும் பிள்ளைகள் என்னைக் கண்டால் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கேட்பவர் சொந்தமாக ஏதோ ஒன்றை எழுதி முடிக்கும் தறுவாயில் இருப்பார். ஒருவர் மீன் ஏலக் கணக்கு எழுதியிருப்பார், இன்னொருவர் டியூஷன் சென்டருக்கு வருகைப் பதிவு எழுதியிருப்பார். ராத்திரி கண்விழித்து எழுதியது பென்டிரைவில் ஏறி ஊரெல்லாம் போய்விடுமே என்று பயம். பயம் நியாயமானதுதான். கிராக் என்றால் மென்பொருளின் பூட்டை உடைத்துக் காசு கொடுக்காமல் ஓட்டுவது. ஆனால் அதற்கான மருந்தை நிரல் எழுதும் மொழியில் தேடினால் கிடைக்காது. கிராக் பண்ண முடியாத மொழி என்று ஒன்று இல்லவே இல்லை. அப்படியானால் உழைப்பை எப்படிக் காப்பாற்றுவது, மொழியை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது என்று விரிவாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் எழுதியது ரப்பர் கடைகளுக்கான கணக்கு மென்பொருள். சம்பளத்துக்கு வேறு வேலை இருக்கிறது. இது மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஆசைக்காகச் செய்வது. குலசேகரம், திருவட்டார், அருமனை பக்கம் பால் எடுக்கும் சில கடைகளில் ஓடுகிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், ரப்பர் பாலை எடையை மட்டும் பார்த்து வாங்க முடியாது. அதில் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் என்பதை டிஆர்சி என்பார்கள். மரத்தையும் மழையையும் மாசத்தையும் பொறுத்து அது பெரும்பாலும் 30க்கும் 40க்கும் இடையில் இருக்கும். 100 கிலோ பாலுக்கு டிஆர்சி 35 என்றால் 35 கிலோ ரப்பருக்குத்தான் காசு. மெட்ரோலாக் என்ற மிதவைக் கருவியைப் பாலில் விட்டால் உத்தேசமாக ஒரு எண் உடனே கிடைக்கும். சரியான எண் வேண்டுமென்றால் மாதிரி எடுத்து, எடை போட்டு, ஆசிட் விட்டு உறையவைத்து, மெல்லிய தகடாக அழுத்தி, ஓவனில் காயவைத்து மறுபடியும் எடை பார்க்க வேண்டும். ஆக, பால் இன்றைக்கு வரும், அதன் டிஆர்சி நாளைக்குத் தெரியும், பணம் சனிக்கிழமை போகும். நடுவில் முன்பணம் வாங்கியிருப்பார்கள். மரத்தின் வெட்டிலும் சிரட்டையிலும் தானாகக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும் ஒட்டுப்பாலுக்குத் தனிக் கணக்கு, பாலை உறையவைத்துத் தகடாக்கிய ஷீட்டுக்குத் தனிக் கணக்கு. கோட்டயம் சந்தையின் ரப்பர் விலை தினமும் மாறும். இத்தனையையும் ஒழுங்காகப் பிடித்து வைத்திருந்து கடைசியில் ஒரு ரசீது அடித்துக் கொடுப்பதுதான் என் மென்பொருளின் வேலை.

முதல் பதிப்பில் பூட்டு எதுவும் வைக்கவில்லை, வைக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஒருநாள் குலசேகரத்தில் ஒரு கடைக்காரர் கேட்டார். "மக்கா, ஒனக்க புரோகிராமு கருங்கல்லயும் ஓடுதே, நீதான் குடுத்தியா?" நான் கொடுக்கவில்லை. விசாரித்தால், இரண்டு கடைக்கும் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்ப்பது ஒரே பையன். சி டிரைவில் இருந்த ஃபோல்டரை அப்படியே தூக்கி அடுத்த கடையில் வைத்திருக்கிறான். கருங்கல் கடைக்காரர் அந்த ரசீதைப் பார்த்துவிட்டு நமக்கும் இது வேண்டும் என்று கேட்டிருக்கிறார், அவன் உதவி செய்திருக்கிறான். செட்டிங்ஸில் கடையின் பெயரை மாற்றியதோடு வேலை முடிந்தது.

பூட்டைப் பற்றி யோசிப்பவர்கள் முதலில் இந்தப் பையனைத்தான் யோசிக்க வேண்டும். நம் மாதிரி ஆட்கள் எழுதும் சின்ன மென்பொருளைத் திருடுவது ரஷ்யாவில் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் ஆள் கிடையாது. அவருக்கு ஒட்டுப்பால் கணக்கு எதற்கு? பக்கத்து ஊரில் பென்டிரைவோடு பைக்கில் போகிறவர்தான் காப்பி எடுக்கிறார். இரண்டு பேரையும் தடுக்கும் வழிகள் வேறுவேறு. முதல் ஆளைத் தடுப்பது யாராலும் ஆகாத காரியம். இரண்டாவது ஆளை நிறுத்துவது ஒரு மாலை நேரத்து வேலை.

முதல் ஆளை ஏன் தடுக்க முடியாது என்று புரிந்துகொண்டால் மொழிக் கேள்விக்கும் பாதி பதில் வந்துவிடும். உங்கள் நிரலில் எங்கேயோ ஒரு இடத்தில் 'உரிமம் சரியா?' என்று பார்க்கிறீர்கள். சரி என்றால் ஒரு பக்கம் போ, தப்பு என்றால் இன்னொரு பக்கம் போ. எந்த மொழியில் எழுதினாலும் கடைசியில் இண்டெல் சிப்புக்கு அது ஒரு ஒப்பீடு, அதை அடுத்து ஒரு தாவல். சமமாக இருந்தால் தாவு என்ற கட்டளையின் குறுகிய வடிவம் பதினறும எண்ணில் 74. சமமில்லாவிட்டால் தாவு என்பதற்கு 75. கிராக் செய்கிறவர் நிரலைப் படிப்படியாக நிறுத்திப் பார்க்கும் டீபக்கர் என்ற கருவியில் அதை ஓட்டி, 'உரிமம் செல்லாது' என்ற செய்தி எங்கிருந்து வருகிறது என்று பின்னோக்கிப் போய், அந்த 74ஐ 75 ஆக்கிவிடுகிறார். ஒரே ஒரு பைட். அதன் பிறகு தப்பான உரிமம் எல்லாம் சரியான உரிமம். நிரல் ஓடும் கணினி அவருடையது, நினைவகம் அவருடையது, நிறுத்தி நிறுத்திப் பார்க்க அவருக்கு வேண்டிய நேரமும் இருக்கிறது. கோடிக்கணக்கில் செலவு செய்யும் கணினி விளையாட்டு நிறுவனங்களே தள்ளிப்போடத்தான் பார்க்கின்றன, முதல் சில வாரங்களின் விற்பனையைக் காப்பாற்றினால் போதும் என்று.

மொழிகளுக்குள் வித்தியாசம் உண்டு. அந்த ஒரு பைட்டைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதில்தான் அந்த வித்தியாசம். சி ஷார்ப்பில் எழுதினால் கிடைப்பது இடைநிலைக் குறிமுறை, அதாவது நீங்கள் எழுதியதற்கும் இயந்திர மொழிக்கும் நடுவில் உள்ள வடிவம். ஐஎல்ஸ்பை, டிஎன்ஸ்பை போன்ற கருவிகளில் திறந்தால் நீங்கள் எழுதிய மாதிரியே திரும்பி வந்துவிடும், வகுப்பின் பெயர், செயற்கூறின் பெயர் எல்லாம் சேர்த்து. ஜாவாவும் அப்படித்தான். பெயர்களைக் குழப்பிவிடும் கருவிகள் உண்டு, அந்தக் குழப்பத்தை அவிழ்க்கும் கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. பைத்தானை பைஇன்ஸ்டாலர் என்ற கருவி வைத்து ஒரே எக்ஸ்இ, அதாவது விண்டோஸில் நேரடியாக ஓடும் கோப்பு, ஆக்கினால் பலர் அதை கம்பைல் செய்தது, இயந்திர மொழிக்கு மாற்றியது என்று நினைக்கிறார்கள். உள்ளே பைட்கோட் என்ற இடைநிலை வடிவக் கோப்புகள் மூட்டை கட்டிக் கிடக்கின்றன, அவ்வளவுதான். மூட்டையைப் பூட்டும் வசதி ஒன்று முன்பு அதில் இருந்தது. சாவியும் அதே மூட்டைக்குள் போவதால் அந்தப் பூட்டுக்கு அர்த்தமில்லை. 2023இல் வந்த 6.0 பதிப்பில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். இணையப் பக்கம் மாதிரி எழுதிக் கணினி மென்பொருளாக்கும் எலக்ட்ரானில் எழுதினால் உங்கள் ஜாவாஸ்கிரிப்ட் ஒரு கோப்புக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒரு கட்டளை போட்டால் வெளியே வந்துவிடும்.

சி, சி பிளஸ் பிளஸ், ரஸ்ட், கோ, பாஸ்கல் ஆகியவை நேரடியாக இயந்திர மொழிக்குப் போகின்றன. படிப்பது கஷ்டம். ஆனால் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை கிட்ரா என்ற கருவியை 2019இல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட பிறகு, இயந்திர மொழியைச் சி மாதிரி ஆக்கிப் படிப்பது கல்லூரிப் பிள்ளைகளுக்கே கைக்கெட்டும் விஷயமாகிவிட்டது. கோ மொழி, பிழை வந்தால் எங்கே வந்தது என்று காட்டுவதற்காகச் செயற்கூறுகளின் பெயர்ப் பட்டியலை எக்ஸ்இக்குள்ளேயே வைத்திருக்கும். பாஸ்கலில் எழுதும் கருவிகளான டெல்பியிலும் லசாரஸிலும் படிவங்கள் எல்லாம் ரிசோர்ஸாக உள்ளே கிடக்கும், 'பதிவுசெய்' பொத்தானை அழுத்தினால் எந்தச் செயற்கூறு ஓடும் என்பதை அங்கேயே படித்துவிடலாம். இவ்வளவையும் தெரிந்துகொண்டு, கிராக்குக்குப் பயந்து ஒருவர் தனக்குத் தெரிந்த பைத்தானை விட்டுவிட்டுத் தெரியாத சி பிளஸ் பிளஸுக்குப் போனால், அவருக்குக் கிடைப்பது கூடுதலாக ஒரு நாள் பாதுகாப்பு. அதற்கு விலையாகத் தரப்போவது ஒரு வருஷம், அதுவும் வேலை முடிந்து வந்த பிறகு மிஞ்சும் மாலை நேரங்களில். எனக்கு இது கட்டுப்படியாகாத வியாபாரம் என்றுதான் தோன்றுகிறது.

எக்ஸ்இயைச் சுருக்கும் யுபிஎக்ஸ் என்ற கருவியைப் போட்டுச் சுருக்கினால் போதுமா என்று அடுத்துக் கேட்பார்கள். அதே யுபிஎக்ஸிலேயே விரிப்பதற்கும் கட்டளை இருக்கிறது. அதைவிட மோசம், சுருக்கிய எக்ஸ்இயையும் பைஇன்ஸ்டாலர் எக்ஸ்இயையும் பார்த்தால் சில ஆன்டிவைரஸ்கள் வைரஸ் என்று சந்தேகப்பட்டுத் தூக்கிவிடும், ஏனென்றால் வைரஸ் எழுதுகிறவர்களும் இதே முறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். காலை ஏழு மணிக்குப் பால் கேன்கள் வரிசையில் நிற்கும்போது எக்ஸ்இ காணாமல் போனால் போன் யாருக்கு வரும்? காசு கொடுத்து வாங்கியவரிடமிருந்து நமக்குத்தான். காப்பி எடுத்தவர் ஆன்டிவைரஸை நிறுத்தி வைத்துவிட்டு நிம்மதியாக ஓட்டுவார்.

இதுதான் என்னை ரொம்பவும் உறுத்துகிற விஷயம். பாதுகாப்பு என்ற பெயரில் செய்யும் பலதும் காசு கொடுத்தவரைத்தான் அடிக்கிறது. கணினியோடு கட்டிப்போடும் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்டு டிஸ்க்கின் எண், மதர்போர்டின் எண், விண்டோஸ் பதிவேட்டில் இருக்கும் கணினி அடையாளம் இவற்றைச் சேர்த்து ஒரு கைரேகை எடுத்து, அதற்குத்தான் உரிமம் என்பார்கள். காகிதத்தில் நன்றாக இருக்கும். நம் மாவட்டத்தின் மேற்குப் பக்கம் ஐப்பசி மாசத்து மதியங்களில் விழும் இடியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு மின்னலில் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் எத்தனை போகும் என்று. அடுத்த நாளே மார்த்தாண்டத்தில் பழைய போர்டு ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். ஹார்டு டிஸ்க் இழுக்கிறது என்று எஸ்எஸ்டி போடுவார்கள். கைரேகை மாறிவிடும். மென்பொருள் 'இது உங்கள் கணினி இல்லை' என்று சொல்லும்.

கடிகாரச் சோதனை இன்னும் கொடுமை. தேதியைப் பின்னால் தள்ளிக் காலாவதியை ஏமாற்றுகிறார்களா என்று பார்க்கும் சோதனை அது. திருவட்டார் பக்கம் ஒரு கடையில் வேறொருவர் விற்ற பில்லிங் மென்பொருள் இருந்தது. மதர்போர்டில் இருக்கும் பட்டன் பேட்டரி, சிஆர் 2032 என்று எழுதியிருக்குமே, அது தீர்ந்துவிட்டது. கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் கணினியின் தேதி பல வருஷம் பின்னால் போய் நின்றது. மென்பொருள் இதை மோசடி என்று முடிவுகட்டிப் பூட்டிக்கொண்டது. அன்றைக்குச் சனிக்கிழமை, பட்டுவாடா நாள். தேதியைச் சரிசெய்த பிறகும் திறக்கவில்லை. விற்றவரின் போன் எடுக்கப்படவில்லை. பால் வெட்டும் தொழிலாளிகள் வாரக்கூலிக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். கடைக்காரர் பழைய நோட்டுகளைப் புரட்டி, போன வாரத்து அளவை உத்தேசமாக வைத்து எல்லோருக்கும் ஒரு தொகை கொடுத்து அனுப்பினார். அந்தக் கடையில் அந்த மென்பொருளை அவர் முழு விலை கொடுத்து வாங்கியிருந்தார். முப்பது ரூபாய் பேட்டரிக்காக அவர் திருடன் ஆக்கப்பட்டார்.

இணையத்தில் வந்து அனுமதி வாங்கிக்கொள்ளும் முறையும் எனக்குச் சரிப்படவில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே போனால் போனில் கோடே இல்லாத வளைவுகள் நிறைய. கொஞ்சம் கீழே இறங்கினாலும் மழைக்காலத்தில் கேபிள் அறுந்து நாள் கணக்கில் கிடக்கும். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அனுமதி கொடுக்கும் சர்வரை நான் ஆயுசுக்கும் நடத்தியாக வேண்டும். வாடகை கட்ட மறந்தால், உடம்பு முடியாமல் படுத்தால், எல்லாக் கடைகளும் ஒரே நாளில் நிற்கும். ஒரு தனி ஆள் தன் பொழுதுபோக்கை இப்படி ஒரு கடமையாக மாற்றிக்கொள்வது அவருக்கும் நல்லதில்லை, வாங்கியவர்களுக்கும் நல்லதில்லை.

அப்படியானால் பென்டிரைவ் பையனை எப்படி நிறுத்துவது? கருங்கல் கடையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த ரசீதுதான் மனதில் வந்தது. அந்த மென்பொருள் எதற்கு? ரசீது அடிக்க. ரசீதின் தலையில் என்ன இருக்கும்? கடையின் பெயர், ஊர், ஜிஎஸ்டி எண், போன் எண். ஒரு வியாபாரி இன்னொரு கடையின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் போட்ட ரசீதைத் தன் வாடிக்கையாளரிடம் நீட்டுவாரா? எவ்வளவு காசு கொடுத்தாலும் மாட்டார். அப்படியானால் கணினியைப் பூட்ட வேண்டியதில்லை. பெயரைப் பூட்டினால் போதும்.

செய்முறையைச் சொல்கிறேன், இது யாருக்கும் பயன்படும். செட்டிங்ஸில் கடைப்பெயரை மாற்றும் பெட்டியை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒரு சின்ன உரிமக் கோப்பு. அதில் கடையின் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண் வெறும் எழுத்தாகவே இருக்கும், யாரும் திறந்து படிக்கலாம். கீழே ஒரு டிஜிட்டல் கையொப்பம். நான் பயன்படுத்துவது ஈடி25519 என்ற முறை. குறியாக்க வல்லுநர் டேனியல் பெர்ன்ஸ்டைனும் கூட்டாளிகளும் 2011இல் வெளியிட்டது. இரண்டு சாவிகள் உண்டு. ரகசியச் சாவி என்னிடம் மட்டும் இருக்கும், கையொப்பம் போட அது வேண்டும். பொதுச் சாவி 32 பைட், அது மென்பொருளுக்குள் இருக்கும், கையொப்பம் என்னுடையதுதானா என்று பார்க்க மட்டும் உதவும். கோப்பில் ஒரு எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் ஒத்துப்போகாது. மென்பொருள் அப்போதும் ஓடும், பழைய கணக்கெல்லாம் திறக்கும், ரசீதின் தலையில் மட்டும் 'மாதிரிப் பதிப்பு' என்று வரும்.

பழைய காலத்துச் சீரியல் எண் முறைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். நான்கு நான்கு எழுத்தாகத் தட்டும் அந்தச் சீரியல் எண்ணைச் சரிபார்க்கும் கணக்கு மென்பொருளுக்குள்ளேயே இருக்கும். அந்தக் கணக்கைப் படித்தவர் தானே எண்களைத் தயாரிக்கும் கீஜென் ஒன்றை எழுதிவிடுவார், அது எல்லோருக்கும் போய்ச் சேரும். பொதுச் சாவி முறையில் மென்பொருளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தாலும் கீஜென் எழுத முடியாது, ரகசியச் சாவி அதில் இல்லவே இல்லை. கையொப்பம் 64 பைட், தட்டெழுத முடியாத நீளம், அதனால்தான் கோப்பாக வாட்ஸாப்பில் அனுப்புகிறேன். கடைக்காரர் அதை ஃபோல்டரில் போட்டால் முடிந்தது. போர்டு மாற்றலாம், விண்டோஸை மறுபடி ஏற்றலாம், இரண்டாவது கணினியில் வைக்கலாம், பேக்கப் எடுத்துத் தம்பி வீட்டில் வைக்கலாம். எதற்கும் எனக்குப் போன் போட வேண்டியதில்லை. 1957ஆம் வருஷத்து நம் பதிப்புரிமைச் சட்டமே, முறையாக வாங்கியவர் பாதுகாப்புக்காகப் பிரதி எடுத்து வைக்கலாம் என்கிறது. அந்த உரிமையைப் பூட்டுப் போட்டுப் பறிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. (அதே சட்டத்தின் 63பி பிரிவு, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் சிறை என்றும் சொல்கிறது. சர்வீஸ் பையன்களிடம் பேசும்போது இதைச் சொல்லி வைக்கலாம். வழக்குப் போட யாரும் போகப்போவதில்லை.)

கையொப்பம் பார்க்கும் இடத்தில் அந்த 74ஐ 75 ஆக்க முடியாதா? முடியும். ஆக்கினால் பெயரை மாற்றிக்கொள்ளலாம். அதைச் செய்யத் தெரிந்தவருக்கு இந்த மென்பொருளின் விலை ஒரு நாள் சம்பளம்கூட வராது. அவரோடு சண்டை போட எனக்கு நேரமும் இல்லை, விருப்பமும் இல்லை. ரகசியச் சாவியை மட்டும் பொன் மாதிரிப் பார்த்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் இல்லாத இரண்டு பென்டிரைவ்களில், வேறுவேறு வீடுகளில் வைத்திருக்கிறேன். நிரலைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் நிரலோடு சேர்த்துச் சாவியையும் ஏற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நடந்தால் எல்லாப் பாதுகாப்பும் போச்சு.

கருங்கல் கடைக்காரரிடம் நேரில் போனேன். அவருடைய பெயரில் ஒரு உரிமக் கோப்பு போட்டுக் கொடுத்தேன், ஷீட் கணக்கில் அவர் கேட்ட ஒரு மாற்றத்தையும் செய்தேன். மறுபேச்சில்லாமல் பணம் கொடுத்தார். இப்போது அந்தச் சர்வீஸ் பையனே புதுக் கடைகளில் மாதிரிப் பதிப்பைப் போட்டுவிட்டு எனக்குப் போன் செய்கிறான், அவனுக்கு ஒரு பங்கு கொடுக்கிறேன். இந்த வழி ஒன்றும் புதிதில்லை. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ், தங்கள் பேசிக் மொழியைக் காகித நாடாவில் காப்பி எடுத்துப் பரப்பிய பொழுதுபோக்குக் கணினிக்காரர்களைக் கடிந்து ஒரு திறந்த மடல் எழுதினார். 1982 வாக்கில் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன், ஜிம் நாஃப் என்ற இரண்டு பேர் நேர் எதிர்த் திசையில் போனார்கள். தாராளமாகக் காப்பி எடுங்கள், பிடித்திருந்தால் பணம் அனுப்புங்கள் என்றார்கள். ஷேர்வேர் அப்படித்தான் பிறந்தது. காப்பி எடுப்பவரைத் திருடனாகப் பார்க்காமல் விநியோகஸ்தராகப் பார்த்தார்கள். பெயர்ப் பூட்டு இருந்தால் நாமும் அப்படிப் பார்க்கலாம்.

இந்த வழி எல்லாவற்றுக்கும் பொருந்தாது. விளையாட்டு எழுதுகிறவருக்கு அச்சாகும் பெயர் என்று ஒன்று இல்லை. ஆண்ட்ராய்டு செயலி எழுதினால் அதன் நிறுவல் கோப்பான ஏபிகேயைப் பிரிப்பது எளிது. அங்கெல்லாம் மதிப்பான பகுதியை உங்கள் சர்வரிலேயே வைத்துக்கொள்வது ஒன்றுதான் உருப்படியான வழி, கையில் கொடுக்காததை யாரும் உடைக்க முடியாது. ஆனால் ரசீது, சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அழைப்பிதழ் என்று பெயரோடு ஏதாவது அச்சடிக்கும் மென்பொருள் எதுவானாலும் பெயர்ப் பூட்டு போதும். நம் ஊரில் எழுதப்படும் சின்ன மென்பொருள்களில் நிறைய இந்த வகைதான்.

சரி, மொழி. பாதுகாப்பை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டால் மிஞ்சும் கேள்விகள் எல்லாம் கடையில் இருக்கும் அந்தக் கணினியைப் பற்றியவை. என் கடைகளில் பாதியில் இன்னும் விண்டோஸ் 7, இரண்டு ஜிபி நினைவகம், ஆசிட் வாசனைக்கு நடுவில் துருப்பிடித்த பெட்டி. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு விண்டோஸ் 7ஐக் கைவிட்டது. மொழிகளும் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. பைத்தான் 3.9 அதில் ஓடாது, 3.8 தான் கடைசி. கோ 1.21இலிருந்து விண்டோஸ் 10 வேண்டும். எலக்ட்ரான் 23இலிருந்தும் அப்படியே. ரஸ்ட் 1.78இல் வெளியேறியது. கணினியை மாற்றுங்கள் என்று சொல்லலாம். ரப்பர் விலை இறங்கிக் கிடக்கும் வருஷத்தில், மழையால் வெட்டு நின்றுபோன மாசத்தில், ஒரு ரசீதுக்காகப் புதுக் கணினி வாங்கச் சொல்ல எனக்கு வாய் வராது. சி ஷார்ப் ஓடத் தேவையான டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 விண்டோஸ் 7இல் ஓடும், அதனால் சி ஷார்ப் நல்ல தேர்வுதான். உரிக்க எளிது என்று அதைத் தள்ள வேண்டியதே இல்லை, பெயர்ப் பூட்டு அதிலும் இதே அளவுக்கு வேலை செய்யும்.

நான் எடுத்துக்கொண்டது லசாரஸ், அதாவது ஃப்ரீ பாஸ்கல். நிக்லாஸ் விர்த் 1970இல் மாணவர்களுக்குக் கற்பிக்க உருவாக்கிய மொழியின் வழி வந்தது. 1995இல் போர்லண்ட் டெல்பியாக அது வந்தபோது அதை வடிவமைத்த ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பர்க்தான் பிறகு மைக்ரோசாஃப்ட் போய் சி ஷார்ப்பை உருவாக்கினார். இன்றைக்கு யாரும் வேலைக்கு பாஸ்கல் கேட்பதில்லை. ஆனால் ஒரே எக்ஸ்இ, கூட எதையும் நிறுவ வேண்டாம், 32 பிட் கணினியிலும் ஓடும். பல வருஷத்துக்கு முன் எழுதிய நிரலை இன்றைய கம்பைலரில் கொடுத்தால் பெரும்பாலும் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. வருஷத்தில் சில வாரங்கள் மட்டுமே திறந்து பார்க்கும் நிரலுக்கு இந்தக் குணம் ரொம்ப முக்கியம். இடைவெளி விட்டுத் திரும்பி வரும்போது பாதி நூலகங்கள் மாறிப்போயிருந்தால் பொழுதுபோக்கு அங்கேயே செத்துப்போகும். தரவுக்கு எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளம், ஒரே கோப்பு, பேக்கப் எடுக்கக் கடைக்காரருக்கே தெரியும்.

தமிழ் அச்சு இன்னொரு பெரிய சோதனை. மொழியை முடிவு செய்வதற்கு முன் 'கொல்லங்கோடு' என்று அச்சடித்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். யூனிகோடில் 'கொ' என்பதில் க முதலில், உயிர்க்குறி அடுத்தது. எழுத்தை வரையும் மென்பொருள்தான் கொம்பை எடுத்து முன்னால் வைக்க வேண்டும். பல பிடிஎஃப் நூலகங்களுக்கு இது தெரியாது, கொம்பும் காலும் ஆளுக்கொரு பக்கம் நிற்கும். ரசீது அடிக்கும் சின்னத் தெர்மல் பிரிண்டருக்குத் தமிழ் எழுத்துருவே கிடையாது. முழு ரசீதையும் படமாக வரைந்து அனுப்ப வேண்டும். 58 மில்லிமீட்டர் தாள் என்றால் அகலம் 384 புள்ளிகள், அதற்குள் 'அருமனை, கன்னியாகுமரி மாவட்டம்' ஒரே வரியில் நிற்குமா என்று எழுத்துருவைக் குறைத்துக் குறைத்துப் பார்க்க வேண்டியிருக்கும். லசாரஸில் விண்டோஸின் சொந்த எழுத்து வரையும் வசதியே எழுத்தைக் கோத்துத் தருவதால் கொல்லங்கோடு சரியாக வந்தது. எனக்கு மொழியைத் தீர்மானித்துக் கொடுத்தது அந்த ஒரு ரசீதுதான்.

வாங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "நீ இதை விட்டுட்டுப் போனா எங்க கணக்கு என்ன ஆகும்?" கிராக் பற்றிய கேள்வியைவிட இதுதான் எனக்குப் பெரியதாகத் தெரிகிறது. அதனால் ஒவ்வொரு கடைக்கும் உரிமக் கோப்போடு ஒரு பக்கக் கடிதம் கொடுக்கிறேன். தரவுக் கோப்பு எந்த வடிவில் இருக்கிறது, வேறு கருவியில் எப்படித் திறப்பது என்று அதில் எழுதியிருக்கிறது. நான் இதைத் தொடர முடியாமல் போனால் கையொப்பச் சோதனையை எடுத்துவிட்ட பதிப்பையும் மூல நிரலையும் எல்லோருக்கும் திறந்துவிடுவதாகவும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தப் பதிப்பு தயாராகவே இருக்கிறது. தக்கலையில் ஒரு நண்பரிடம் அதன் பிரதி ஒன்று இருக்கிறது, என்னிடம் இருப்பதோடு சேர்த்து அதையும் புதுப்பித்துக்கொண்டு வருகிறேன்.